தொன் போஸ்கோவும் சகாய மாதாவும்: புதிதாகக் கேட்பவர்களுக்கு

வடசென்னையில் வளர்ந்த பலருக்கு தொன் போஸ்கோ என்பது முதலில் ஒரு பள்ளிக்கூடத்தின் பெயர். பெரம்பூரில் பள்ளி, பேசின் பிரிட்ஜ் பக்கம் தொழிற்பயிற்சி நிலையம். அங்கே ஃபிட்டர் படித்த மாமா ஒருவர், இங்கே பிளஸ் டூ முடித்த பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் என்று எல்லாத் தெருவிலும் ஆள் இருக்கும். அது ஒரு மனிதரின் பெயர் என்பது அப்புறம்தான் உறைக்கும். கறுப்பு அங்கி, சுருள் முடி, சிரித்த முகம், சுற்றிப் பையன்கள் என்று அவருடைய படம் சுவரில் தொங்கும். அந்தப் படம் இருக்கிற இடத்தில் பெரும்பாலும் இன்னொரு படமும் இருக்கும். கிரீடம் அணிந்து, வலது கையில் செங்கோலும் இடது கையில் குழந்தை இயேசுவுமாக நிற்கும் மாதா. இந்த இரண்டு படங்களும் ஏன் சேர்ந்தே இருக்கின்றன என்று தெரிந்துகொண்டால் அந்த மனிதரைப் பாதி தெரிந்துகொண்ட மாதிரி.

ஊர், பெயர், தேதி எல்லாவற்றையும் சட்டென்று சொல்லிவிடுகிறேன். இத்தாலியில் குருக்களைத் 'தொன்' என்று மரியாதையாக அழைப்பார்கள். நாம் 'ஃபாதர்' என்கிற மாதிரி. இவர் பெயர் ஜொவான்னி போஸ்கோ. 1815 ஆகஸ்ட் 16 அன்று வட இத்தாலியில், தூரின் நகரத்திலிருந்து ஒரு நாள் நடைதூரத்தில் இருக்கும் பெக்கி என்ற குக்கிராமத்தில் பிறந்தார். 1841 ஜூன் 5 அன்று குருப்பட்டம் பெற்றார். 1859இல் சலேசிய சபை என்ற துறவற சபையைத் தொடங்கினார். 1888 ஜனவரி 31 அன்று தூரினில் இறந்தார். 1934ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று அவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கப்பட்டது. தெருவில் அலைந்த பையன்களைச் சேர்த்துக்கொண்டு, விளையாட்டும் படிப்பும் கைத்தொழிலும் செபமுமாக வளர்த்தார். அதுதான் அவர் வாழ்நாள் வேலை.

மாதாவுக்கு எந்த இடம்

பிப்ரவரி 11 பெரம்பூர் லூர்து மாதா திருவிழா. அந்த நாட்களில் தேர் பார்க்க வரும் இந்து நண்பர்கள் வழக்கமாக ஒரு கேள்வி கேட்பார்கள்: மாதாதான் உங்கள் சாமியா? பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிற உறவினர்கள் அதையே இன்னும் காரமாகக் கேட்பார்கள். பதில் ஒன்றும் சிக்கலானதல்ல. கத்தோலிக்கப் போதனைப்படி ஆராதனை கடவுளுக்கு மட்டுமே. புனிதர்களுக்குக் கொடுப்பது வணக்கம். இயேசுவின் தாய் மரியாவுக்குக் கொடுப்பது அந்த வணக்கத்தில் மிக உயர்ந்தது. ஆனாலும் அது வணக்கம்தான், ஆராதனை அல்ல. மாதாவிடம் செபிக்கும்போது கேட்பது, 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்பதுதான். மரியாவை வாழ்த்திச் சொல்லும் செபமான அருள் நிறைந்த மந்திரத்தின் பின்பாதியைக் கவனித்தால் தெரியும், அதில் வேறு எந்தக் கோரிக்கையும் இல்லை.

பிரசங்கத்தில் இதை விளக்க ஒரு வீட்டு உதாரணம் சொல்வார்கள். அப்பாவிடம் நேராகக் கேட்கப் பயந்து பிள்ளை அம்மாவிடம் போய்ச் சொல்கிறதே, அதுபோல என்று. எனக்கு அந்த உதாரணம் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அதில் கடவுள் கோபக்கார அப்பாவாகிவிடுகிறார். தொன் போஸ்கோவின் மாதா பக்தியில் இந்தப் பயம் கிடையாது. அவர் மாதாவிடம் போனது கடவுளுக்குப் பயந்து அல்ல, செய்ய வேண்டிய வேலை தன் சக்திக்கு மீறியதாக இருந்ததால். யோவான் நற்செய்தியில் கானாவூர் கல்யாணத்தில் திராட்சை இரசம் தீர்ந்துபோகிறது. முதலில் கவனிப்பது மரியா. பணியாளர்களிடம் இயேசுவைக் குறித்து, "அவர் உங்களுக்குச் சொல்வதெல்லாம் செய்யுங்கள்" என்கிறார். அப்புறம் பணியாளர்கள்தான் ஆறு கற்சாடிகளிலும் விளிம்புவரை தண்ணீர் நிரப்ப வேண்டியிருந்தது. அந்தத் தண்ணீரை இயேசு திராட்சை இரசமாக்கினார். உதவி வந்தது, ஆனால் தண்ணீர் சுமந்தவர்களுக்கு வந்தது. தொன் போஸ்கோ மாதாவைப் பற்றிச் சொன்னதும் செய்ததும் முழுக்க இந்தக் காட்சிக்குள் அடங்கும் என்பது என் கருத்து.

ஒன்பது வயதுக் கனவு

இரண்டு வயது நிறையும் முன்பே ஜொவான்னிக்கு அப்பா இல்லை. அம்மா மார்கரீத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நிலத்தில் வேலை செய்துகொண்டே மூன்று பையன்களை வளர்த்தார். செபம் கற்றதும் செபமாலை கற்றதும் அந்த அம்மாவிடம்தான்.

ஒன்பது வயது வாக்கில் அவருக்கு ஒரு கனவு வந்தது. பிற்காலத்தில் பாப்பரசர் ஒன்பதாம் பயஸ் எழுதச் சொன்னதால் தானே எழுதிவைத்த நினைவுக் குறிப்புகளில் அதை விரிவாகச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெளி. நிறையப் பையன்கள் விளையாடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், கெட்ட வார்த்தை பேசுகிறார்கள். இவர் பாய்ந்துபோய் அவர்களை அடிக்கிறார். ஒளிவீசும் முகத்தோடு ஒருவர் வந்து, அடித்து அல்ல, சாந்தத்தாலும் அன்பாலும்தான் இவர்களை நண்பர்களாக்கிக்கொள்ள வேண்டும் என்கிறார். அது என்னால் எப்படி முடியும் என்று பையன் அழ, உனக்கு ஓர் ஆசிரியையைத் தருகிறேன் என்கிறார் அவர். அப்போது ஒரு பெண்மணி வந்து கையைப் பிடித்துக்கொள்கிறார். பையன்கள் இருந்த இடத்தில் இப்போது காட்டு விலங்குகள். கொஞ்ச நேரத்தில் அவை ஆட்டுக்குட்டிகளாக மாறிவிடுகின்றன. பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. காலம் வரும்போது எல்லாம் புரியும் என்கிறார் அந்தப் பெண்மணி.

கனவை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அதில் மரியா எந்த வேடத்தில் வருகிறார் என்பதைத்தான் புதிதாகப் படிக்கிறவர்கள் பார்க்க வேண்டும். அவர் அங்கே அரசியாக வரவில்லை, அழுகையைத் துடைக்க மட்டும் வந்த தாயாகவும் வரவில்லை. ரௌடித்தனம் செய்யும் பையன்களிடம் எப்படி நடந்துகொள்வது என்ற பாடத்துக்கு ஆசிரியையாக வருகிறார். பின்னாளில் தொன் போஸ்கோவின் கல்விமுறைக்குத் தடுப்புமுறை என்று பெயர் வந்தது. பகுத்தறிவு, சமயம், கனிவு என்ற மூன்றும் அதற்கு அடிப்படை, பிரம்புக்கு இடமில்லை. அந்த முறை எங்கிருந்து வந்தது என்று அவரைக் கேட்டிருந்தால் இந்தக் கனவைத்தான் காட்டியிருப்பார் என்று நினைக்கிறேன்.

கனவோடு நிற்கவில்லை. சந்தைக்கு வரும் கழைக்கூத்தாடிகளைப் பார்த்துப் பார்த்துக் கயிற்றில் நடக்கவும் கண்கட்டு வித்தை காட்டவும் கற்றுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மரத்துக்கு மரம் கயிறு கட்டி வித்தை நடக்கும். கட்டணம் என்னவென்றால், நடுவில் எல்லாரும் சேர்ந்து செபமாலை சொல்ல வேண்டும், காலையில் கோயிலில் கேட்ட பிரசங்கத்தை இவர் திரும்பச் சொல்வதைக் கேட்க வேண்டும். செபமாலைக்கு நழுவிப்போகிறவர்களுக்கு மிச்ச வித்தை கிடையாது.

1835இல் குருமடத்துக்குக் கிளம்பியபோது அம்மா சொன்னதையும் அவர் எழுதிவைத்திருக்கிறார். நீ பிறந்தபோது உன்னை மாதாவுக்கு ஒப்புக்கொடுத்தேன், படிக்கத் தொடங்கியபோது மாதா பக்தியை உனக்குச் சொல்லித் தந்தேன், இனி முழுக்க அவருடையவனாக இரு, குருவானால் அந்தப் பக்தியைப் பரப்பு என்பது அதன் சாரம். இறையியல் வகுப்புக்குப் போகும் முன்பே விஷயம் வீட்டில் முடிவாகிவிட்டது.

ஓர் அருள் நிறைந்த மந்திரம்

1840களில் தூரின் தொழில் நகரமாக வளர்ந்துகொண்டிருந்தது. கட்டட வேலைக்கும் பட்டறை வேலைக்கும் மலைக் கிராமங்களிலிருந்து பையன்கள் தனியாக வந்து சேர்ந்தார்கள். குடும்பமில்லை, படிப்பில்லை, வேலை போனால் தெரு, அப்புறம் ஜெயில். துறைமுகமும் ரயில்வே பட்டறையும் பின்னி மில்லும் ஆள் இழுத்த வடசென்னையில் பாட்டன் முப்பாட்டன் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. இளம் குருவான போஸ்கோவைச் சிறைகளுக்குக் கூட்டிக்கொண்டு போனவர் அவருடைய வழிகாட்டி ஜுசெப்பே கஃபாஸோ. அங்கே கம்பிக்குப் பின்னால் இருந்தவர்களில் எத்தனை பேர் சிறு பையன்கள் என்று பார்த்து போஸ்கோ அதிர்ந்துபோனார்.

1841 டிசம்பர் 8, அமல உற்பவ மாதா திருநாள், அதாவது மரியா பிறவிப் பாவமின்றி உற்பவித்ததைக் கொண்டாடும் நாள். தூரினில் புனித அசிசி பிரான்சிஸ் கோயிலின் சக்ரீஸ்தில், அதாவது குரு பூசை உடை அணியும் அறையில், பூசைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். குளிருக்கு ஒதுங்கிய பையன் ஒருவனைக் கோயில் பணியாளர், பூசைக்கு உதவி செய்யத் தெரியவில்லை என்பதற்காக அடித்து விரட்டினார். போஸ்கோ சத்தம் போட்டு நிறுத்தி, அவன் என் நண்பன், கூப்பிடுங்கள் என்றார். பையன் பெயர் பர்த்தலோமேயோ கரெல்லி. வயது 16, கொத்தனார் வேலை, அப்பா அம்மா இல்லை. எழுதத் தெரியுமா, இல்லை. பாடத் தெரியுமா, இல்லை. விசிலடிக்கத் தெரியுமா என்று கேட்டதும்தான் பையன் சிரித்தான். பூசை முடிந்ததும் போஸ்கோ முழங்காலிட்டு ஓர் அருள் நிறைந்த மந்திரம் சொல்லிவிட்டு, அவனுக்குச் சிலுவை அடையாளம் வரையக் கற்றுக்கொடுத்தார். அடுத்த ஞாயிறு அவன் கூட்டாளிகளோடு வந்தான். தன் வேலைக்குக் கிடைத்த ஆசீர் எல்லாம் அந்த முதல் அருள் நிறைந்த மந்திரத்தின் பலன் என்று கிழவரான பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞாயிறுதோறும் நடந்த இந்தக் கூட்டத்துக்கு ஒரட்டரி என்று பெயர். பூசை, மறைக்கல்வி, பிறகு ஒரே ஆட்டம் பாட்டம். சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் விரட்ட, கல்லறைத் தோட்டம், மாவு மில், வயல்வெளி என்று இடம் மாறிக்கொண்டே இருந்தது. 1846 ஏப்ரல் 12, உயிர்ப்பு ஞாயிறன்று வால்தோக்கோ என்ற பகுதியில் பினார்தி என்பவருடைய கொட்டகையில் நிலையாக உட்கார்ந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் 58 வயது மார்கரீத்தா அம்மாவும் ஊரைவிட்டு வந்து, அந்தப் பையன்களுக்குச் சமைக்கவும் துணி தைக்கவும் சேர்ந்துகொண்டார். தொன் போஸ்கோ வரலாற்றை எழுதுகிறவர்கள் கனவுக்குக் கொடுக்கும் பக்கங்களில் பாதியையாவது இந்த அம்மாவுக்குக் கொடுக்கலாம். பத்து ஆண்டுகள் அந்த வீட்டில் உழைத்து, அங்கேயே 1856இல் இறந்தார்.

1854இல் தூரினில் காலரா. நோயாளிகளைத் தொடவே ஆள் இல்லாத நேரத்தில் வால்தோக்கோ பையன்கள் தொண்டுக்குப் போனார்கள். மாதா சுரூபம் பதித்த பதக்கத்தை அணிந்துகொள்ளுங்கள், பாவமின்றி இருங்கள் என்று தொன் போஸ்கோ சொன்னார். கையோடு ஆளுக்கொரு வினிகர் புட்டியும் கொடுத்து, நோயாளியைத் தொட்ட பிறகு கை கழுவச் சொன்னார். நோயாளிகளுக்குத் துணி போதாதபோது மார்கரீத்தா அம்மா பலிபீடத் துணியைக்கூட எடுத்துக் கொடுத்தார் என்பார்கள். பையன்களில் ஒருவருக்கும் நோய் தொற்றவில்லை என்று சலேசிய மரபு சொல்கிறது. பதக்கம் காப்பாற்றியதா வினிகர் காப்பாற்றியதா என்று பட்டிமன்றம் வைக்கலாம். அவரைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே பையில் இருந்த பொருட்கள்.

அந்த ஆண்டு டிசம்பர் 8 அன்றுதான் ஒன்பதாம் பயஸ், மரியா பிறவிப் பாவமின்றி உற்பவித்தார் என்பதை விசுவாசப் பிரகடனமாக அறிவித்தார். அன்று வால்தோக்கோவில் மாதா பீடத்தின் முன் தன்னை ஒப்புக்கொடுத்த 12 வயதுப் பையன் தோமினிக் சாவியோ. 1856இல் அவன் நண்பர்களைச் சேர்த்து அமல உற்பவ மாதா சங்கம் ஒன்றைத் தொடங்கினான். சங்கத்தின் வேலை செபத்தோடு முடியவில்லை. புதிதாக வந்து அழுதுகொண்டிருக்கும் பையன்களோடும், யாருக்கும் அடங்காத பையன்களோடும் நட்பாக இருந்து அவர்களைக் கவனித்துக்கொள்வதும் அவர்கள் பொறுப்பு. சாவியோ 1857இல் 14 வயதில் இறந்துவிட்டான். இரண்டு ஆண்டு கழித்துச் சலேசிய சபை உருவானபோது அதன் முதல் உறுப்பினர்களில் பலர் அந்தச் சங்கத்துப் பையன்களே.

எந்த மாதா?

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வெள்ளை அங்கியும் நீல இடைக்கச்சையுமாக, கையில் குழந்தை இல்லாமல், செபமாலையோடு கைகுவித்து நிற்பவர் லூர்து மாதா. 1858இல் பிரான்சில் பெர்னதெத் என்ற சிறுமிக்குக் காட்சி கொடுத்த கோலம் அது. பெரம்பூர்க் கோயிலும் லூர்து நகரத்துப் பேராலயத்தின் மாதிரியில் கட்டியதுதான். சேலை கட்டி, கையில் குழந்தையோடு இருப்பவர் வேளாங்கண்ணி மாதா. தங்கப் பின்னணியில் வரைந்த பழைய படம், குழந்தையின் காலில் செருப்பு கழன்று தொங்குகிறது என்றால் அவர் இடைவிடா சகாய மாதா. புதன்கிழமை நவநாள் அவருக்குத்தான். செங்கோல் பிடித்து, கிரீடம் அணிந்து நிற்பவர் தொன் போஸ்கோவின் சகாய மாதா, அதாவது கிறிஸ்தவர்களின் சகாய மாதா. எல்லாம் நாசரேத்து மரியா ஒருவரே. அவரிடம் மக்கள் போன சூழ்நிலைகள்தான் வேறு வேறு.

சகாய மாதாவின் சூழ்நிலை கொஞ்சம் போர்க்களத்து வாசனை உள்ளது. 1571இல் லெப்பாந்தோ கடற்போரில் கிறிஸ்தவ நாடுகளின் கப்பற்படை துருக்கியரை வென்ற பிறகு, மாதா பிரார்த்தனையில் 'கிறிஸ்தவர்களின் சகாயமே' என்ற அழைப்பு பரவியது. அதைச் சேர்த்தவர் ஐந்தாம் பயஸ் என்பது மரபு. நெப்போலியன் சிறைவைத்த ஏழாம் பயஸ் 1814 மே 24 அன்று ரோமைக்குத் திரும்பினார். அதற்கு நன்றியாக மே 24ஐச் சகாய மாதா திருநாளாக்கினார்.

தொன் போஸ்கோ ஆரம்பத்தில் அமல உற்பவ மாதாவையும், தூரின் நகரத்தின் ஆறுதல் மாதாவையும்தான் அதிகம் பேசினார். 1862 வாக்கில் சகாய மாதாவின் பக்கம் திரும்பினார். காரணம் காலம். இத்தாலி ஒரே நாடாக ஒன்றுசேர்ந்துகொண்டிருந்தது, பாப்பரசரின் நிலப்பகுதிகள் ஒவ்வொன்றாகக் கைமாறின, துறவற மடங்கள் மூடப்பட்டன, திருச்சபை முற்றுகைக்குள் இருப்பதாக அவரைப் போன்றவர்கள் உணர்ந்தார்கள். இன்றைக்குப் படிக்கிற நமக்கு இத்தாலிய ஒருங்கிணைப்பு அவ்வளவு பெரிய தீமையாகத் தெரியாது. ஆனால் அவருடைய பக்தியில் இந்தப் பதற்றமும் கலந்திருந்தது என்பதை மறைத்துவிட்டு எழுதினால் கதை பாதிதான் விளங்கும்.

1862 மே 30 இரவு பையன்களிடம் அவர் சொன்ன கனவிலும் இது தெரியும். கொந்தளிக்கும் கடல். பாப்பரசர் செலுத்தும் பெரிய கப்பலைப் பகைக் கப்பல்கள் சூழ்ந்து தாக்குகின்றன. கடல் நடுவில் இரண்டு தூண்கள். ஒன்றின் உச்சியில் மாதா சுரூபம், கீழே 'கிறிஸ்தவர்களின் சகாயம்' என்ற எழுத்து. அதைவிட மிக உயரமான மற்றொன்றின் மேல் நற்கருணை அப்பம் (பூசையில் கிறிஸ்துவின் உடலாகவே கத்தோலிக்கர் ஏற்பது), கீழே 'விசுவசிப்போரின் மீட்பு' என்ற எழுத்து. கப்பலை அந்த இரண்டு தூண்களிலும் கட்டியதும் கடல் அடங்குகிறது. தூண்களின் உயர வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். மாதாவின் தூண் சின்னது. ஆராதனைக்கும் வணக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பையன்களுக்கு விளக்க அவருக்கு வகுப்பு தேவைப்படவில்லை.

நாற்பது காசில் ஒரு பேராலயம்

அடுத்து வால்தோக்கோவில் சகாய மாதாவுக்கு ஒரு பெரிய கோயில் கட்ட முடிவெடுத்தார். கையில் பணம் இல்லை. கட்டடப் பொறுப்பை எடுத்த கார்லோ புசெத்தி ஒரட்டரியில் வளர்ந்தவர். வேலை தொடங்கியபோது முதல் தவணை தருகிறேன் என்று தொன் போஸ்கோ பணப்பையை அவர் கையில் கவிழ்த்தார். விழுந்தது நாற்பது சென்டெசிமி, அரை லீராகூட இல்லை. மாதா பணத்துக்கு வழி செய்வார், நான் வெறும் காசாளர் என்ற தோரணையில் பேசி அனுப்பினார்.

1865 ஏப்ரல் 27 அன்று மூலைக்கல் வைக்கப்பட்டது. 1868 ஜூன் 9 அன்று கோயில் அர்ச்சிக்கப்பட்டது. நடுவில் நடந்ததுதான் சுவாரசியம். நோய் தீர்ந்தவர்கள், வழக்கு முடிந்தவர்கள், கடனிலிருந்து மீண்டவர்கள் என்று மாதாவிடம் வேண்டிப் பலன் பெற்றதாகச் சொன்னவர்கள் காணிக்கை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். இந்தக் கோயிலின் ஒவ்வொரு கல்லும் மாதா செய்த ஓர் உதவி என்று அவர் சொல்வது வழக்கமாயிற்று. தானும் நடந்து நடந்து யாசித்தார், லாட்டரி நடத்தினார், பணக்காரர்களுக்கும் அமைச்சர்களுக்கும் கடிதம் எழுதினார். மாதா பார்த்துக்கொள்வார் என்று சொன்ன மனிதர் ஒரு நாள்கூடச் சும்மா உட்காரவில்லை.

பீடத்துக்கு மேலே தோமாஸோ லொரென்ஸோனே வரைந்த மாதா படம் இருக்கிறது. சுற்றி அப்போஸ்தலர், நற்செய்தியாளர், வானதூதர், அடியில் ஒரட்டரிக் கட்டடம். தொன் போஸ்கோ முதலில் கேட்ட பட்டியல் இதைவிடப் பெரியது; அத்தனை பேரையும் வரைய ஒரு சதுக்கம் அளவு இடம் வேண்டும் என்று ஓவியர் கையை விரித்ததால் குறைந்தது. நம் பள்ளிகளில் தொங்கும் செங்கோல் மாதா இந்தப் படத்திலிருந்து வந்தவர்.

எல்லாரும் கைதட்டினார்கள் என்று நினைக்க வேண்டாம். மாதாவின் உதவியால் நடந்த அற்புதங்கள் என்று அவர் சிறு புத்தகங்கள் அச்சிட்டு வெளியிட்டபோது தூரின் பேராயர் கஸ்தால்தி அதை ஏற்கவில்லை. முறையான விசாரணையும் அனுமதியும் இல்லாமல் அற்புதம் என்று அச்சிடலாமா என்பது அவர் கேள்வி. இருவருக்கும் இடையில் பல ஆண்டுகள் கசப்பு இருந்தது. பேராயரின் கேள்வியில் நியாயம் இருந்தது என்றே எனக்குப் படுகிறது. இன்றும் வாட்ஸ்அப்பில் வரும் 'இதைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் மாதா அற்புதம் செய்வார்' செய்திகளைப் பார்க்கும்போது கஸ்தால்தி நினைவுக்கு வருவார்.

1872இல் மரிய தோமினிக்கா மசரெல்லோவோடு சேர்ந்து பெண்களுக்கான சபையைத் தொடங்கினார். பெயர்: கிறிஸ்தவர்களின் சகாய மரியாவின் புதல்வியர். கல்லில் கட்டிய கோயில் போக, மாதாவுக்கு நன்றியாக உயிருள்ள ஒரு நினைவுச்சின்னம் வேண்டும் என்றார். ஏழைப் பெண் பிள்ளைகளின் படிப்பு அவர்கள் பொறுப்பு.

1887 மே மாதம் ரோமையில் திரு இருதயக் கோயில் அர்ச்சிப்புக்குப் போன கிழவர் போஸ்கோ, சகாய மாதா பீடத்தில் பூசை வைத்தார். பலமுறை அழுகை வந்து பூசை தடைப்பட்டது. என்ன என்று பிறகு கேட்டார்கள். ஒன்பது வயதுக் கனவு கண்முன் வந்தது, அம்மாவும் அண்ணன்களும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டது காதில் கேட்டது என்றார். காலம் வரும்போது புரியும் என்று சொன்னது இப்போது புரிந்தது.

சென்னைக்கு வந்த கதை

சலேசியர் இந்தியாவுக்கு முதலில் வந்து இறங்கியது 1906இல், தஞ்சாவூருக்கு. 1928இல் சலேசியரான யூஜின் மெதர்லே சென்னைப் பேராயரானார். அவருக்குப் பின் 1935இல் வந்தவர் லூயிஸ் மத்தியாஸ், அவரும் சலேசியர். முப்பது ஆண்டுகள் இருந்தார். வடசென்னையில் சலேசியர் வேர்விட்டது இந்தக் காலத்தில்தான். வியாசர்பாடியில் ஆர்ஃபியோ மாந்தோவானி என்ற இத்தாலிய சலேசியர் தொடங்கிய பியாடிட்யூட்ஸ் நிலையம், கைவிடப்பட்ட முதியவர்களுக்கும் தொழுநோயாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் புகலிடமாயிற்று. ரயில்வே பிளாட்பாரத்தில் வந்து சேரும் பிள்ளைகளுக்கு தொன் போஸ்கோ அன்பு இல்லம் பிறகு வந்தது. பையன்களைப் பந்தோடு மைதானத்தில் விட்டுவிட்டு ஃபாதர் ஓரமாக நின்று பேச்சுக் கொடுக்கும் முறை, கால்பந்துக்கும் கேரமுக்கும் பேர்போன வியாசர்பாடியில் எளிதாக எடுபடும். அது அப்படியே ஒரட்டரிதான்.

நவநாள் செய்ய நினைப்பவர்களுக்கு

சலேசியர் நடத்தும் கோயில்களிலும் இல்லங்களிலும் ஒவ்வொரு மாதமும் 24ஆம் தேதி சகாய மாதா நினைவு நாள். தொன் போஸ்கோ பரிந்துரைத்த நவநாள் ஒன்றும் உண்டு. ஒன்பது நாளும் மூன்று பரலோக மந்திரம், மூன்று அருள் நிறைந்த மந்திரம், மூன்று திரித்துவ தோத்திரம். இவற்றோடு தேவ நற்கருணைக்கு ஒரு புகழுரை. அதன்பின் மூன்று முறை மாதாவை நோக்கிய கிருபை தயாபத்து மந்திரம், ஒவ்வொன்றுக்கும் முடிவில் 'கிறிஸ்தவர்களின் சகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.' மாதா நவநாளில்கூட நற்கருணை முதலில் வருகிறது. கனவில் பார்த்த உயரமான தூண் இங்கேயும் இருக்கிறது.

செபம் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதோடு அவர் வைத்த நிபந்தனைகளைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நல்ல பாவசங்கீர்த்தனம் செய்து, அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு, நற்கருணை வாங்க வேண்டும். அப்புறம், ஏழைப் பிள்ளைகளுக்கான பணிக்குத் தன்னால் முடிந்த காணிக்கை கொடுக்க வேண்டும். வேண்டுதல் நம்முடைய மூட்டு வலிக்காகவே இருந்தாலும் காணிக்கை தெருவில் நிற்கும் பையனுக்குப் போய்ச் சேர வேண்டும். பணம் இல்லாதவர்கள் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் இரண்டு பேருக்குச் சாயங்காலத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தாலும் இந்த நிபந்தனை நிறைவேறும் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

மே 15 அன்று தொடங்கினால் 23ஆம் தேதி நவநாள் முடியும், மறுநாள் திருநாள். பள்ளிகளுக்கு அப்போது முழுப் பரீட்சை லீவு, அதனால் பிள்ளைகளைத் தேடிப் போக வேண்டியிருக்காது.